மூன்று குவியல்கள்

முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் குளியாளர்களுக்கு மன்னார்க் கடலில் நல்ல பெயர் இருந்தது. சலாபம் அறிவிக்கப்பட்ட ஆண்டில் அவர்கள் மன்னார்த் தீவிலிருந்து தெற்கே இறங்கி அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்குப் போவார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளர்கள் வருவார்கள். பின்னாலேயே செட்டியார்களும் பம்பாய் வியாபாரிகளும் வந்து இறங்குவார்கள். ஆள் நடமாட்டமில்லாத மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பி நிற்கும். 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் 300க்கு மேற்பட்ட வள்ளங்கள் கடலுக்குப் போயின. குளியாளர்கள் ஏறக்குறைய 5,000 பேர். கரைக்கு வந்த சிப்பி சுமார் 8 கோடி.

அந்த நகரத்தின் நடுவில் இருந்தது கொட்டு. கம்பு நட்டு வளைத்துக் கட்டிய பெரிய நீள்சதுர அடைப்பு அது. வள்ளம் கரை தட்டியதும் குளியாளர்கள் சிப்பியைச் சுமந்துகொண்டு அதற்குள் விரைவார்கள். தமக்கு ஒதுக்கிய இடத்தில் சிப்பியைக் கொட்டி, தாங்களே அதை மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். பிறகு அரசாங்க அலுவலர் வந்து ஒரு குவியலைக் காட்டுவார். அது குளியாளருக்கு. மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. அலுவலரின் கை எந்தக் குவியலின் பக்கம் போகும் என்பது பிரிக்கிறவருக்கு முன்கூட்டித் தெரியாது.

தராசு இல்லை, எண்ணிக்கைக்காரர் தலைக்குமேல் நிற்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. ஆனாலும் குவியல்கள் சமமாகவே இருந்தன. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குளியாளரிடம் 300 சிப்பி இருக்கிறது. அவர் 60, 60, 180 என்று பிரிக்கிறார். அலுவலர் குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டினால், பல நாள் சராசரியில் குளியாளருக்குக் கிடைப்பது 100. 20, 100, 180 என்று பிரித்தாலும் அதே 100தான். எப்படிப் பிரித்தாலும் குளியாளரால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாது. மறுபக்கம், அலுவலர் பேராசைக்காரர், எப்போதும் பெரிய இரண்டையும் எடுத்துக்கொள்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சமமாகப் பிரித்த குளியாளருக்கு 100 கிடைத்தே தீரும். ஒருவர் தன் பங்குக்குக் கீழே போகாதபடி தன்னைக் காத்துக்கொள்கிறார்; மற்றவர் அதற்கு மேலே போகாதபடி தடுக்கிறார். இரண்டு பேரின் எல்லையும் ஒரே இடத்தில் முட்டுகிறது.

இருவர் மோதும், தேர்வுகளை எண்ணி முடிக்கக்கூடிய எந்த ஆட்டத்திலும், ஒருவரின் லாபம் மற்றவரின் நட்டமாக இருக்கும்வரை, இப்படி ஒரு முட்டும் இடம் கட்டாயம் உண்டு என்று 1928இல் ஜோன் வொன் நொய்மன் கணித முறையில் நிறுவினார். ஆட்டக் கோட்பாடு என்ற துறை பிறந்தது அங்கேதான். அவருடைய மனதில் இருந்த ஆட்டம் போக்கர். ஆடுகிறவர்களின் கைராசிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, அதை எழுதிக் காட்ட முடியும் என்று அவர் நம்பினார்.

இப்போது கொட்டுக்குள் ஒரு சின்ன மாற்றம் செய்வோம். அலுவலருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் குவியலையே எப்போதும் குளியாளருக்குக் கொடுக்கிறார். முதல் நாள் யாரும் கவனிக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு வாசல் பக்கத்துக் குவியல் எப்படி வளரும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, வழக்கத்தை மாற்றி, பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் குவியலையே கொடுப்பது என்று அவர் முடிவு செய்கிறார். இது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது குவியலின் அளவு மட்டும். வயது முதிர்ந்த பெரிய சிப்பியில் முத்து இருக்க வாய்ப்புக் கூட என்பது குளியாளருக்குத் தெரியும். முதிர்ந்தவற்றைப் பொறுக்கிச் சின்னக் குவியலுக்குள் வைத்துவிட்டால் போதும். விதி நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது விடயம். அது மாறாமல் இருக்கிறது, வெளியே தெரிகிறது. பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

இதைச் சீட்டில் வைத்துப் பார்த்தால் கடைசி இலக்கம்வரை கணக்குப் போடலாம். பணம் வைத்து ஆடுவதை மார்க்கம் விலக்கியிருக்கிறது. இந்த அத்தியாயத்துக்கும் பணம் தேவையில்லை, நெருப்புக்குச்சி போதும்.

போக்கரின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து 1950இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஹரோல்ட் கூன் ஓர் ஆட்டம் அமைத்தார். மூன்றே சீட்டு: ராசா, ராணி, ஜாக். ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு குச்சி நடுவில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு, மூன்றாவது சீட்டு கவிழ்ந்தபடியே இருக்கும். முதல் ஆள் ஒன்றில் பாஸ் சொல்லலாம், அல்லது இன்னொரு குச்சி கட்டலாம். அவர் கட்டினால் இரண்டாம் ஆள் தானும் ஒரு குச்சி வைத்து ஈடு கொடுக்கலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு நடுவில் இருப்பதை விட்டுக்கொடுக்கலாம். முதல் ஆள் பாஸ் சொன்னால் இரண்டாம் ஆளும் பாஸ் சொல்லலாம். அப்போது சீட்டைத் திருப்பிப் பார்த்துப் பெரியது வெல்லும். அல்லது இரண்டாம் ஆள் கட்டலாம். ஈடு கொடுப்பதா விடுவதா என்பது முதல் ஆளின் பாடு. அவ்வளவுதான் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுகிறவருக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. இருவரும் பிழையின்றி ஆடினால் 18 ஆட்டத்துக்கு 1 குச்சி என்ற வீதத்தில் அவர் வெல்வார். அந்த நல்ல இருக்கையில் இரண்டு விதமான ஆட்களை உட்காரவைத்துப் பார்ப்போம்.

முதலாமவர் விடாப்பிடிக்காரர். தானாக ஒருபோதும் கட்டமாட்டார், எதிராளி கட்டினால் எந்தச் சீட்டோடும் ஈடு கொடுப்பார். சீட்டு மேசைகளில் இந்த ஆளை நிறையக் காணலாம். ஏமாற்றப்படுவதைத் தாங்கமுடியாத மனசு அவருக்கு. எதிரில் இருப்பவர் இதைப் புரிந்துகொண்டு 18 ஆட்டம் ஆடுகிறார். ஆறு தடவை அவருக்கு ராசா வரும். ஒவ்வொரு தடவையும் கட்டுவார், ஈடு வரும், 2 குச்சி வீதம் 12. ஆறு தடவை ஜாக் வரும். பேசாமல் பாஸ் சொல்லி 1 குச்சி வீதம் 6 இழப்பார். ராணி வரும் ஆறு தடவையும் வரவும் செலவும் சமன். முடிவில் விடாப்பிடிக்காரரிடமிருந்து 6 குச்சி போய்விட்டது. ஒன்றை வெல்லவேண்டிய இருக்கையில் உட்கார்ந்து ஆறை இழந்திருக்கிறார்.

இரண்டாமவர் பத்திரக்காரர். ராசா இருந்தால் மட்டும் கட்டுவார், ராசா இருந்தால் மட்டும் ஈடு கொடுப்பார். ராணியோ ஜாக்கோ கையில் இருக்கும்போது எதிராளி கட்டினால் உடனே சீட்டைப் போட்டுவிடுவார். எதிராளி நல்ல சீட்டுக்கு மட்டும் கட்டும் நேர்மையான ஆளாக இருந்தால் பத்திரக்காரருக்கு வரவுமில்லை, செலவுமில்லை. அதனாலேயே தன் முறை பாதுகாப்பானது என்று அவர் பல காலம் நம்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவரைப் படித்த ஒருவர் எதிரே வந்தால் ஜாக்கை வைத்துக்கொண்டே கட்டுவார். ஜாக் வரும் ஆறு தடவையில் மூன்று தடவை பத்திரக்காரரிடம் ராணி இருக்கும். பயந்து போட்டுவிடுவார், எதிராளிக்கு 3. மற்ற மூன்று தடவை ராசா இருக்கும். எதிராளி 2 வீதம் 6 இழப்பார். நிகரமாக 3 இழப்பு. பாஸ் சொல்லியிருந்தால் ஜாக்கில் 6 இழந்திருக்கவேண்டியவர் பாதியை மிச்சம் பிடித்துவிட்டார். ராசாவில் கிடைக்கும் 6ஐயும் சேர்த்தால், 18 ஆட்டத்தில் பத்திரக்காரரிடமிருந்து 3 குச்சி போகிறது.

அப்படியானால் ராணியோடு போட்டுவிடுவதை நிறுத்திவிட்டு எப்போதும் ஈடு கொடுத்தால் என்ன? எதிராளி ஜாக்கை வைத்து வெருட்டுவதை நிறுத்திவிடுவார், ராசாவுக்கு மட்டும் கட்டுவார். அப்போது ராசாவில் அவருக்கு 9, ராணியில் சமன், ஜாக்கில் 6 இழப்பு. மறுபடியும் 3 குச்சி போகிறது. ராணியை எப்போதும் போட்டாலும் 3, எப்போதும் பிடித்துக்கொண்டாலும் 3. இந்த இடம்தான் எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த இடம். இரண்டு நேரெதிர்க் கொள்கைகள் ஒரே அபராதத்தைக் கட்டுகின்றன. தவறு ராணியிடம் இல்லை, ‘எப்போதும்’ என்பதில் இருக்கிறது.

ராணி கையில் இருந்து எதிராளி கட்டும்போது மூன்றில் ஒரு தடவை மட்டும் ஈடு கொடுக்க வேண்டும், எந்தத் தடவை என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது. மணிக்கூட்டின் விநாடி முள்ளைப் பார்க்கலாம்: முதல் 20 விநாடிக்குள் நின்றால் ஈடு, இல்லையென்றால் போட்டுவிடுவது. இப்படிச் செய்தவுடன் எதிராளி ஜாக்கோடு வெருட்டினாலும் வெருட்டாவிட்டாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுதான். உங்கள் நட்டம் 3இலிருந்து 1ஆகக் குறைகிறது.

இன்னமும் அது நட்டம்தான் என்பதைக் கவனியுங்கள். இதுவரை செய்தது எல்லாம் தற்காப்பு. அடுத்தவர் கட்டினால் என்ன செய்வது என்பதை மட்டும் திருத்தினோம். அந்த 1 நட்டத்தை 1 லாபமாக மாற்ற ஒரே ஒரு வழி இருக்கிறது: எதிராளி பாஸ் சொல்லும்போது, கையில் ஜாக்கை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு தடவை நீங்களே கட்ட வேண்டும். வெருட்ட வேண்டும். ராணியோடு பாஸ் சொல்லி நிம்மதியாக இருந்த எதிராளி இப்போது முடிவெடுக்கவேண்டிய இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். ஈடு கொடுத்தாலும் விட்டாலும் அவருக்கு ராணியில் 2 குச்சி நட்டம். அந்த 2 குச்சிதான் உங்களை இழக்கிறவரிலிருந்து வெல்கிறவராக்குகிறது.

வெருட்டு என்பது துணிச்சல்காரரின் குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கூனின் கணக்கில் அது குணமே இல்லை. மிக மோசமான சீட்டுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு பங்கு வேலை. ஜாக் கையில் இருந்தால் சீட்டைத் திருப்பிக் காட்டி வெல்ல வழியே இல்லை, அதனால் இழக்கவும் அதற்கு அதிகமில்லை. கட்டுகிறவருக்கு வெல்ல இரண்டு வழி: எதிராளி விட்டுக்கொடுக்கலாம், அல்லது தன் சீட்டு பெரியதாக இருக்கலாம். ஈடு மட்டும் கொடுக்கிறவருக்கு இரண்டாவது வழி ஒன்றே உண்டு. அமைதியாக ஆடும் முறையின் குறை முழுவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது.

இலங்கையின் வடக்கில் திண்ணைகளில் ஆடும் 304 என்ற சீட்டாட்டத்திலும் இதே விடயம் வேறு உருவில் இருக்கிறது. ஒரு நிறத்தில் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, கூட்டினால் 76. நான்கு நிறத்துக்கும் 304. நான்கு சீட்டு மட்டும் கையில் இருக்கும்போதே கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். துரும்பு என்ன என்பது மறைந்திருக்கும்வரைதான் கேட்டவருக்குப் பலம். ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் மட்டுமே கேட்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் வாய் திறந்ததுமே அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். அவர் பேசாமல் இருந்தால் என்ன இல்லை என்பதும் தெரிந்துவிடும். துரும்பைக் கவிழ்த்து வைத்தும் சீட்டைத் திறந்து வைத்து ஆடுவதுபோலத்தான்.

கேட்கலாம்: மூன்றில் ஒரு தடவை என்பதும் மாறாத விதிதானே? ஆம், மாறாத விதிதான். ஆனால் மாறாமல் இருப்பது பங்கு மட்டுமே, செயல் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. எதிராளி உங்கள் விதியை எழுதி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினாலும் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015 ஜனவரியில் வெளியிட்ட செஃபியஸ் என்ற கணினி நிரல் அப்படிப்பட்டது. இருவர் ஆடும், கட்டும் தொகைக்கு வரம்பு உள்ள டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தை அது நடைமுறைக்குப் போதுமான அளவு தீர்த்துவிட்டது. அதற்கு யாரும் போக்கர் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னோடு தானே ஆடியது. ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும், மற்றதைச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்கு வைத்தது. எதைச் செய்யாமல் விட்டதற்கு அதிகம் வருந்த நேர்ந்ததோ அதை அடுத்த தடவை கூடுதலாகச் செய்தது. முதல் ஆளாக இருக்கும்போது வெறுமனே ஈடு கொடுத்து உள்ளே நுழைவதை அது கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டது. ஒன்றில் கூட்டிக் கட்டுகிறது, அல்லது போட்டுவிடுகிறது.

ஆனால் அசைக்கமுடியாத விதிக்கும் ஒரு விலை உண்டு. 1999இல் அதே அல்பேர்ட்டாவின் டார்ஸ் பில்லிங்ஸ் கல்-கடதாசி-கத்தரிக்கோல் ஆட்டத்துக்கு நிரல்களின் போட்டி ஒன்று நடத்தினார். முழுக்கக் குருட்டாம்போக்கில் ஆடும் நிரலை யாராலும் தோற்கடிக்கமுடியாது. அதே நிரல் எப்போதும் கல்லையே காட்டும் மடத்தனமான நிரலிடமும் வெல்லாது. மற்றவர்களின் பழக்கத்தைப் படித்து அடித்த நிரல்கள்தான் முன்னுக்கு வந்தன. தற்காத்துக்கொள்ளத் தன் விதியை மறைக்க வேண்டும்; வெல்வதற்கு அடுத்தவர் விதியைப் படிக்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் இவை இரண்டு வேலைகள்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை வீரர்கள் லிப்ராட்டஸ் என்ற போக்கர் நிரலோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடினார்கள். பகலில் வீரர்கள் நிரலின் ஓட்டைகளைத் தேடுவார்கள். இரவில் நிரல், அன்று அவர்கள் தட்டிப் பார்த்த இடங்களைப் பார்த்துத் தன் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். நேற்றுக் கண்டுபிடித்த பலவீனம் இன்று இருக்காது. முடிவில் வீரர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக, சீட்டைப் பார்க்குமுன்பே வைக்கவேண்டிய பெரிய கட்டாயத் தொகையின் 0.147 பங்கை இழந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பார்க்காமலே போட்டுவிடுகிற ஒருவர் இழப்பது 0.75 பங்கு.

இந்த இடத்தில் ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். நம்மைப் படிக்கிற எதிராளி இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. இயற்கை நம் சீட்டைப் பார்ப்பதில்லை. 1905இன் பெரும் சலாபத்துக்குப் பிறகு, இலங்கை முத்துப் படுக்கைகளை லண்டன் கம்பனி ஒன்று 1906 முதல் 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபா என்று குத்தகைக்கு எடுத்தது. 1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. அதன் பிறகு சிப்பி இல்லை. கம்பனி கலைக்கப்பட்டது. கடல் அந்தக் கம்பனியை ஏமாற்றவில்லை. பெரிய பார் என்ற படுக்கையில் இளஞ்சிப்பிகள் திரள்வதும், முதிருமுன்பே அழிந்துபோவதும் இந்தப் படுக்கைகளை ஆராய்ந்த பேராசிரியர் ஹேர்ட்மன் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் தெரிந்த சங்கதி. இங்கே குருட்டாம்போக்கால் பயனில்லை, வெருட்டாலும் பயனில்லை. மாதிரி எடுத்துப் பார்த்து அதற்கேற்பத் தொகையை மாற்றுவதுதான் உதவும். மாறாத பழக்கம் இரண்டு இடத்திலும் தோற்கும், ஆனால் தோற்கும் காரணம் வேறு. குளியாளர் பழக்கத்தைப் படிக்கிறார், கடல் பழக்கத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. எதிரே இருப்பது எது என்று முதலில் கேட்காமல் ஆட்டக் கோட்பாட்டைக் கண்ட இடத்தில் எல்லாம் பொருத்துகிறவர்களை நம்பவேண்டாம்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. விடாப்பிடிக்காரர் இவ்வளவு இழந்தும் ஏன் மாறுவதில்லை? ஒரு மாலையில் 18 ஆட்டம் ஆடினால், கணக்குப்படி 6 குச்சி இழக்கவேண்டியவர் நல்ல சீட்டு விழுந்து சமமாக எழுந்து போவது சாதாரணம். எதிராளியின் வெருட்டைப் பிடித்த ஒரு தருணம் வருடக்கணக்காக நினைவில் நிற்கும். ராசாவுக்கு ஈடு கொடுத்துப் போன குச்சிகளை யாரும் எண்ணுவதில்லை. நட்டம் சிறுகச் சிறுகப் போகிறது, அதைச் சீட்டின் குற்றம் என்று சொல்லிக்கொள்ளவும் வசதியாக இருக்கிறது.

நம்பாதவர்கள் வீட்டில் ஆடிப் பார்க்கலாம். மூன்று சீட்டும் இரண்டு பெட்டி நெருப்புக்குச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக ஆடுகிறவர் எப்போதும் ஈடு மட்டும் கொடுக்கட்டும், மற்றவர் ராசாவுக்கு மட்டும் கட்டட்டும். 18 ஆட்டத்தோடு நிறுத்திவிடாமல் 180 ஆட்டம் ஆடுங்கள். ஈடு கொடுத்தவர் சுமார் 60 குச்சி இழந்திருப்பார். அதிர்ஷ்டம் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் 40க்கும் 80க்கும் இடையில் நிற்கும். பிறகு அவரையே ஈட்டையும் வெருட்டையும் விநாடி முள்ளைப் பார்த்து ஆடச் சொல்லுங்கள். அவருக்கு வரவேண்டிய 10 குச்சி லாபம் 180 ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம், ஆனால் அந்த 60 குச்சி நட்டம் நின்றுவிடும்.